கொடுத்து வைத்த உடம்பு

பலம் என்று ஒன்று கிடையாது, முயற்சி என்று ஒன்று கிடையாது, ஆற்றல், பராக்கிரமம் எல்லாம் வெறும் பேச்சு என்று ஒருவர் சொன்னார். புத்தரும் மகாவீரரும் நடமாடிய அதே காலம், அதே கங்கைச் சமவெளி. பெயர் மற்கலி கோசாலர். நடப்பதெல்லாம் நியதிப்படி நடக்கிறது. எறிந்த நூலுருண்டை நூல் தீரும்வரை உருண்டு தானாக நிற்பதுபோல, ஒவ்வோர் உயிரும் தன் கணக்கு தீரும்வரை பிறந்து பிறந்து ஓயும். நடுவில் நீ செய்யும் தவத்தால் அது ஒரு நாள் முந்தாது, உன் சோம்பலால் ஒரு நாள் பிந்தாது. பௌத்தர்களின் சாமஞ்ஞபல சுத்தம் அவர் கொள்கையை ஏறக்குறைய இப்படித்தான் பதிவு செய்திருக்கிறது. எதிராளி எழுதிய குறிப்பு, கொஞ்சம் உப்புக்காரம் கூடியிருக்கலாம். ஆனால் நம் பக்கத்து மணிமேகலையிலும் நீலகேசியிலும் அவர் வழி வந்த ஆசீவகரோடு வாதம் நடக்கிறது. வாதாட வேண்டிய அளவுக்குத் தமிழ்நாட்டில் அந்தக் கொள்கைக்கு ஆள் இருந்திருக்கிறார்கள்.

பளுதூக்கச் சொல்லிக் கொடுத்தே காலம் கழித்த எனக்கு இந்த மனிதர்மேல் தீராத ஈர்ப்பு. வேலூர்ப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சாயங்காலமானால் தகரக் கொட்டகை, பலகை போட்ட மேடை, ரப்பர் தட்டுகள், சுவரில் ஓர் ஆஞ்சநேயர் படம். அப்பா சைவ சித்தாந்த வகுப்புக்குப் போய்வந்தவர். வினை, ஊழ், பிராரத்தம் எல்லாம் எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரப் பேச்சு. அப்போது காதில் விழுந்ததோடு சரி. கொட்டகையில் நின்ற பிறகுதான் அவற்றின் எடை தெரிந்தது.

ஒரே வகுப்பிலிருந்து இரண்டு பையன்கள் வந்தார்கள். ஒருவன் மளிகைக்கடைக்காரர் மகன், இன்னொருவனின் அம்மா பீடி சுற்றுபவர். இருவரும் 55 கிலோவை ஒட்டிய உடம்பு. ஒரே அட்டவணை, ஒரே மேடை, ஒரே திட்டு. ஓர் ஆண்டு முடிந்தபோது கடைக்காரர் மகன் கிளீன் அண்டு ஜெர்க்கில் நூறு கிலோவைத் தலைக்கு மேல் நிறுத்தினான். மற்றவன் அறுபத்திரண்டில் மல்லுக்கட்டிக் கொண்டிருந்தான். சோம்பேறி என்று அவனைச் சொன்னால் நாக்கு அழுகும். முதலில் வந்து மேடையைப் பெருக்குகிறவன் அவன். கடைசியில் தட்டுகளை அடுக்கிவிட்டுப் போகிறவனும் அவன்தான்.

அவன் அம்மா ஒரு நாள் கொட்டகை வாசலில் வந்து நின்றார். "இன்னும் எதுக்கு சார் அவனைப் போட்டு வாட்டறீங்க? அவனுக்குக் குடுத்து வைக்கல. விட்டுடுங்க."

"எதைம்மா குடுத்து வைக்கல?"

"உடம்ப சார். சில பேருக்கு ஏறும், சில பேருக்கு ஏறாது. எங்க வம்சத்துல எவனுக்கு ஏறிச்சு?"

அவர் போன பிறகு யோசித்தேன். அந்த அம்மா கோசாலரைப் படித்ததில்லை. ஆனால் அவர் சொன்னதை இன்றைய உடற்பயிற்சி அறிவியலிடம் கொண்டுபோய்க் கேட்டால், அது சட்டென்று மறுத்துவிடாது. அதுதான் சங்கடம்.

பளு தூக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். புதிதாக வருகிறவனுக்கு முதல் சில வாரங்களில் தூக்கும் எடை கிடுகிடுவென்று ஏறும். கை கால் சுற்றளவை அளந்து பார்த்தால் பெரிதாக எதுவும் மாறியிருக்காது. 1979இல் மோரிட்டானி, டிவ்ரீஸ் என்ற இருவர் இதை அளந்து காட்டினார்கள். ஆரம்ப வலிமையில் பெரும்பங்கு நரம்பின் வேலை, தசை பெருப்பது பின்னால்தான் வருகிறது. தசை நார்கள் மொத்தமாக வேலைக்கு வருவதில்லை. சின்ன நரம்பணுவின் கீழ் இருக்கும் நார்கள் முதலில் எழும், பெரிய நரம்பணுவின் கீழ் இருக்கும் முரட்டு நார்கள் கடைசியில்தான் எழும். பழக்கமில்லாதவனின் மூளைக்கு அந்தக் கடைசிக் கூட்டத்தை முழுசாகக் கூப்பிடத் தெரியாது. கூப்பிடக் கற்றுக்கொள்வதுதான் முதல் மாதப் பயிற்சி.

சுவரில் இருக்கும் ஆஞ்சநேயருக்கு எங்கள் கொட்டகையில் இதனால்தான் இடம். முனிவர்களின் சாபத்தால் தன் பலம் தனக்கே தெரியாமல் கடற்கரையில் உட்கார்ந்திருந்தவர் அவர். ஜாம்பவான் எடுத்துச் சொன்ன பிறகு எழுந்தார். ஜாம்பவான் பலத்தைக் கொடுக்கவில்லை, இருந்ததைக் கூப்பிட்டார். பயிற்சியாளன் செய்கிற வேலையில் பாதி இதுதான் என்று பையன்களிடம் சொல்வேன். மீதிப் பாதி பாரைத் துடைப்பது.

தசை பெருப்பதிலும் ஒரு வேடிக்கை உண்டு. பாரைத் தூக்கும்போது தசை வளர்வதில்லை. தூக்கி முடித்து வீட்டுக்குப் போய், தின்று, தூங்குகிறபோது வளர்கிறது. கடினமான ஒரு பயிற்சிக்குப் பிறகு தசைப் புரதம் கட்டும் வேகம் ஒரு நாள், இரண்டு நாள் வரைகூடக் கூடியே இருக்கும். செயல் ஓரிடத்தில், பலன் வேறோரிடத்தில். சைவ சித்தாந்தத்தில் ஒரு வாதம் இருக்கிறது: வினை சடம், அது தானே வந்து பலனாக முடியாது, ஊட்டுவிப்பவன் ஒருவன் வேண்டும் என்று. சிறுவயதில் இது தந்திரமான வாதமாகத் தோன்றியது. தூக்கமும் சோறும் இல்லாமல் வெறும் உழைப்பை மட்டும் கொட்டிய பையன்களின் உடம்பைப் பார்த்தபின், வினை தானாகப் பலிப்பதில்லை என்ற பகுதியையாவது ஒத்துக்கொண்டேன். ஊட்டுவிப்பவன் யார் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

செய்தவனுக்கே பலன் என்ற விதியும் உடம்புக்குள் அப்படியே நிற்பதில்லை. ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் பயிற்சியே பெறாத மறு கையும் கொஞ்சம் வலுக்கிறது. 1894இலேயே ஸ்கிரிப்சர் என்பவர் யேல் பல்கலைக்கழகத்தில் இதைக் கண்டு எழுதிவைத்தார். வலது கை தவம் இடது கைக்குப் புண்ணியம்.

சரி, அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். சிலருக்கு ஏறும், சிலருக்கு ஏறாது என்பது உண்மையா?

உண்மை. 2005இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 585 பேர் பன்னிரண்டு வாரம் ஒரே மாதிரிப் பயிற்சி செய்தார்கள், ஒரு கைக்கு மட்டும். முடிவில் சிலருக்குத் தசையின் பரப்பு 2 சதவீதம் குறைந்திருந்தது. ஒருவருக்கு 59 சதவீதம் கூடியிருந்தது. ஒரு தடவை தூக்கக்கூடிய அதிகபட்ச எடை சிலருக்கு இம்மியும் ஏறவில்லை, அதிகமாக ஏறியவருக்கு 250 சதவீதம் ஏறியது. ஒரே உழைப்பு, ஒரே காலம். மூச்சுத் திறனிலும் இதே கதை. ஹெரிட்டேஜ் என்ற ஆய்வில் 98 குடும்பங்களைச் சேர்ந்த 481 பேரை இருபது வாரம் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். உடம்பு அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் சராசரியாக நிமிடத்துக்கு 400 மில்லிலிட்டர் கூடியது. ஆனால் சிலருக்கு ஏறக்குறைய ஒன்றுமே கூடவில்லை, சிலருக்கு ஒரு லிட்டருக்கு மேல் கூடியது. இந்த வேறுபாட்டில் 47 சதவீதம் வரை குடும்ப வழி என்று 1999இல் கணக்கிட்டார்கள். ஊழை அளந்து தசம புள்ளியோடு போட்டுவிட்டார்கள் என்று அன்று எனக்குத் தோன்றியது.

பின்லாந்துக்காரர் ஈரோ மன்திரான்டாவின் கதையைப் படித்தபோது தூக்கமே போய்விட்டது. பனிச்சறுக்கு வீரர். 1964 இன்ஸ்ப்ரூக் குளிர்கால ஒலிம்பிக்கில் 15 கிலோமீட்டர், 30 கிலோமீட்டர் இரண்டிலும் தங்கம். அவர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு அநியாயத்துக்கு அதிகம். ரத்தத்தில் ஏதோ தில்லுமுல்லு செய்கிறார் என்று சந்தேகப் பேச்சு ஆண்டுக்கணக்கில் அவரைத் துரத்தியது. 1993இல் விடை வந்தது. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனிடம் உடம்பு நடந்துகொள்ளும் விதத்தில், அவர் குடும்பத்தில் வழிவழியாக வரும் ஒரு மரபணு மாற்றம் இருந்தது. நிறுத்தச் சொல்லும் சமிக்ஞை சரியாக வேலை செய்யவில்லை, அதனால் சிவப்பணு கூடுதலாகப் பெருகியது.

இப்போது யோசித்துப் பாருங்கள். அதே எரித்ரோபொயட்டினை ஊசியில் ஏற்றி ஒருவன் ஓடினால் ஊக்கமருந்துக் குற்றம். பதக்கத்தைப் பிடுங்கி, தடை போட்டு, பத்திரிகையில் படம் போட்டு அவமானப்படுத்துவோம். அதே விளைவு தாய் வயிற்றிலேயே கிடைத்துவிட்டால் தேசிய கீதம். ரத்தத்தில் ஓடுவது இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். விதி மீறியவன் வஞ்சகன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் விதி மீறாதவன் அந்தத் தங்கத்துக்கு எந்த வகையில் உரியவன்? முந்திய பிறவியில் கொடுத்து வைத்தான் என்றால் கணக்கு நேராகிவிடும். நம் முன்னோர் மறுபிறவியைப் பிடித்துக்கொண்டதற்கு இந்தக் கேள்வியின் உறுத்தலும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். உலகம் நியாயமாக இருந்தே ஆகவேண்டும் என்று நினைப்பவனுக்கு, காரணமில்லாத திறமையைவிடக் கண்ணுக்குத் தெரியாத பழைய காரணம் ஆறுதல்.

மறுபிறவி பேசாத அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் 1971இல் வெளியிட்ட நீதி பற்றிய தன் நூலில் இதையே வேறு பக்கத்திலிருந்து பிடித்தார். பிறவித் திறமைக்கு நாம் உரிமை கொண்டாட முடியாது என்பதோடு அவர் நிற்கவில்லை. முயற்சி செய்யும் குணமும்கூட நல்ல குடும்பம், நல்ல சூழல் அமைந்த அதிர்ஷ்டத்தைச் சார்ந்தது என்றார். திறமைதான் கடவுள் கொடுத்தது, உழைப்பு என்னுடையது என்று நெஞ்சு நிமிர்த்துகிற ஆட்டக்காரனின் கடைசிக் கோட்டையும் போயிற்று. ரால்ஸ் யோசித்துச் சொன்னதை இரட்டையர் ஆய்வாளர்கள் எண்ணிச் சொன்னார்கள். ஏழு நாடுகளில் 37,051 இரட்டையர் ஜோடிகளை எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2006இல் வந்தது. ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்கிறானா இல்லையா என்ற வேறுபாட்டிலேயே, பெரும்பாலான குழுக்களில், 48 முதல் 71 சதவீதம் வரை மரபுவழி. மைதானத்துக்கு வரும் மனசும் கொடுத்து வைத்ததுதான் என்கிறது அந்தக் கணக்கு.

கோசாலர் ஜெயித்துவிட்டாரா?

ஜைனர்களின் உவாசகதசாவோ நூலில் ஒரு கதை உண்டு. சத்தாலபுத்தர் என்ற பணக்காரக் குயவர், கோசாலரின் அடியார். ஊருக்கு வெளியே ஐந்நூறு கடை வைத்திருந்தவர். வெயிலில் காயவைத்த பானைகளைப் பார்த்து மகாவீரர் கேட்கிறார்: இவை முயற்சியால் ஆனவையா, முயற்சி இல்லாமல் ஆனவையா? குயவர் கொள்கை மாறாமல் பதில் சொல்கிறார்: முயற்சி இல்லாமல்தான், எல்லாம் நியதி. மகாவீரர் விடவில்லை. உன் வேலைக்காரன் ஒருவன் இந்தப் பானைகளைத் திருடினால், உடைத்தால், உன் மனைவியிடம் தவறாக நடந்தால் என்ன செய்வாய்? அடிப்பேன், கட்டிப்போடுவேன், கொல்லவும் செய்வேன். நியதி என்றால் அவனை ஏன் அடிக்கிறாய்? குயவரிடம் பதில் இல்லை. கட்சி மாறிவிடுகிறார்.

ஜைனர் எழுதிய கதையில் ஜைனர் ஜெயிப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆசீவகர் எழுதியிருந்தால், அடிப்பதும் நியதி என்று குயவர் பதில் சொல்லியிருப்பார். தர்க்கத்தில் அதற்கு மறுமொழி கிடையாது. ஆனால் குயவரின் அந்தப் பதிலோடு வாழவும் முடியாது. நாளை எத்தனை கிலோ போடலாம் சார் என்று பையன் கேட்கும்போது நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். சொல்கிற பதிலைப் பொறுத்து அவன் உடம்பு மாறும். என் யோசனையும் அவன் முனகலும் காரணச் சங்கிலியின் கண்ணிகள்தாம். அவற்றை உருவிவிட்டு நூலுருண்டை தானே உருளும் என்பது கண்ணியைக் கழற்றிவிட்டுச் சங்கிலியைப் பற்றிப் பேசுவது.

அந்தச் சதவீதங்களையும் நாம் பெரும்பாலும் தப்பாகவே படிக்கிறோம். 47 சதவீதம் குடும்ப வழி என்றால் என் மூச்சில் 47 பங்கு தாத்தா கொடுத்தது, 53 பங்கு நான் சம்பாதித்தது என்று அர்த்தம் இல்லை. ஒரு கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் அவ்வளவு வரை குடும்பத்தோடு ஒட்டிப்போகிறது என்பதுதான் பொருள். அதுவும் உச்சவரம்பு. ஒரே அடுப்பில் சாப்பிட்டதும் அதற்குள் அடங்கும். இன்னும் ஒன்று: எல்லோருக்கும் ஒரே சோறு, ஒரே மேடை, ஒரே பயிற்சியாளர் என்று சமமாக்கினால் மிச்சமிருக்கும் வேறுபாடு முழுக்கப் பிறப்பினுடையதாகிவிடும். அந்தச் சதவீதம் நூறை நெருங்கும். சூழல் சமமில்லாத இடத்தில் அது இறங்கும். ஆகவே ஊழின் அளவு உடம்புக்குள் மட்டும் எழுதப்பட்டதில்லை. சுற்றியிருப்பவர்கள் எவ்வளவு நியாயமாக நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது மாறுகிறது. இதை முதலில் புரிந்துகொண்டபோது அப்பா உயிரோடு இல்லையே என்று இருந்தது. சாப்பாட்டு நேரத்துக்கு நல்ல தீனி.

எங்கள் பீடிக்கார அம்மாவின் மகனுக்கு இதை வைத்துப் பார்ப்போம். பளுப் பயிற்சி செய்கிறவனுக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் அளவு வரை புரதம் பயன் தருகிறது என்று 49 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2018இல் சொன்னார்கள். 55 கிலோ பையனுக்கு 88 கிராம். சத்துணவில் பள்ளி நாளில் ஒரு முட்டை, அதில் 6 கிராம். காலையில் டீயும் பன்னும். மற்றபடி சோறு, குழம்பு, தொட்டுக்கொள்ள ஏதாவது. அரிசியும் பருப்பும் எவ்வளவு சாப்பிட்டாலும் பாதியைத் தாண்டுவது கஷ்டம். சனி, ஞாயிறு அந்த முட்டையும் இல்லை. கடைக்காரர் மகன் வீட்டில் காலையில் பால், கடையில் கை விட்டால் வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும். விடிகாலை வரை அம்மாவோடு உட்கார்ந்து பீடிக்கட்டு கட்டியவனும், ஒன்பது மணிக்குப் படுத்தவனும் ஒரே அட்டவணையில் இருந்தார்கள் என்று நான் எழுதினேனே, அந்த ஒரே அட்டவணை என்பது காகிதத்தில்தான். ஊட்டுவிப்பவன் யார் என்ற கேள்விக்கு இந்தப் பையன் விஷயத்தில் என்னிடம் பதில் இருக்கிறது: நாள் முழுக்க உட்கார்ந்தே கூலிக்கு இலை சுற்றுகிற ஒரு பெண். அவளுடைய கூலியை நிர்ணயிப்பது நியதி இல்லை.

ஏறாத உடம்பு என்று முத்திரை குத்தப்பட்டவர்களைப் பற்றி 2017இல் மான்டெரோ, லண்ட்பி இருவரும் செய்த ஆய்வு எனக்குப் பிடித்தமானது. 78 பேரை வாரத்துக்கு 60 நிமிடம் முதல் 300 நிமிடம் வரை ஐந்து குழுக்களாகப் பிரித்துச் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். குறைவாகச் செய்த குழுக்களில் பலருக்குப் பலன் தெரியவில்லை. அவர்களுக்கு வாரம் இரண்டு மணிநேரம் கூட்டிக் கொடுத்து மறுபடி ஆறு வாரம் பார்த்தார்கள். பலன் தெரியாதவர் ஒருவர்கூட மிஞ்சவில்லை. முதல் ஆறு வாரத்தோடு நிறுத்தியிருந்தால் அவர்களில் எத்தனை பேர் தலையெழுத்து என்று வீட்டுக்குப் போயிருப்பார்கள்! எல்லோரும் சமமாக ஏறினார்கள் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. எல்லோரும் ஏறினார்கள் என்றுதான் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் ஊழ் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

தென் மாவட்டக் கிராமங்களில் கிடக்கும் இளவட்டக்கல்லைப் பார்த்திருப்பீர்கள். தூக்கினால் ஆம்பளை, தூக்காவிட்டால் இல்லை. அந்தக் கல்லுக்கு ஒரே எடை. கேள்வியும் ஒன்று, பதிலும் ஒன்று. ஒரே தடவையில் தீர்ப்பு சொல்கிற கருவி அது. பார் அப்படி இல்லை, தட்டு மாற்றலாம். போட்டியில் முன்பு 2.5 கிலோவாக ஏற்றியதை இப்போது ஒரு கிலோவாகவே ஏற்றலாம், பயிற்சியில் அரை கிலோத் தட்டும் உண்டு. நேற்றைவிட அரை கிலோ என்ற கேள்வியை இளவட்டக்கல்லிடம் கேட்கவே முடியாது. பள்ளிக்கூடத்துத் தேர்வு நாளில் நம் அதிகாரிகள் இன்னமும் கல்லைத்தான் வைத்துப் பார்க்கிறார்கள். ஒரு காலை, ஓர் ஓட்டம், ஒரு தாண்டல், பட்டியல் தயார்.

மரபணுவைப் பார்த்தாவது சொல்ல முடியுமா? வேகமாகச் சுருங்கும் தசை நார்களில் இருக்கும் ஆல்ஃபா ஆக்டினின் 3 என்ற புரதத்தைக் கொடுக்கும் மரபணுவுக்கு வேகத்தின் மரபணு என்று பெயர் வைத்தார்கள். 2003இல் ஆஸ்திரேலிய விளையாட்டு வீரர்களிடம் செய்த ஆய்விலிருந்து அந்தப் புகழ். உலகில் நூறு கோடிப் பேருக்கு மேல் அந்தப் புரதமே கிடையாது. அது இல்லாத ஸ்பானிய நீளம்தாண்டும் வீரர் ஒருவர் ஒலிம்பிக் வரை போனார். திறமை தேடுவதற்கோ பயிற்சியை வகுப்பதற்கோ இந்தச் சோதனைகளால் பயன் இல்லை என்று விளையாட்டு மரபியல் அறிஞர்களே 2015இல் கூடி அறிக்கை விட்டார்கள். மன்திரான்டா குடும்பத்திலும் அந்த மாற்றம் பலருக்கு இருந்தது, பெரும்பாலோர் சாம்பியன் ஆகவில்லை. ஆக, எழுதியிருப்பதாகவே வைத்துக்கொண்டாலும் தூக்கிப் பார்க்காமல் அதைப் படிக்க வழியில்லை.

எங்கள் ஊர்ப் பெருமை ஒன்றையும் சொல்ல வேண்டும். சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018இல் கோல்ட் கோஸ்ட்டில் மறுபடி தங்கம். அவர் அப்பாவும் தேசிய அளவில் பளு தூக்கிய முன்னாள் ராணுவத்தினர். அப்பன் ரத்தம் சார் என்று டீக்கடையில் அடித்துச் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் பார் என்றால் என்ன, எப்போது சாப்பிட வேண்டும், தோற்ற மறுநாள் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த ஓர் ஆள் வீட்டிலேயே இருப்பதும் அப்பன் கொடுத்ததுதானே? ரத்தத்தை மட்டும் எண்ணி இதை விட்டுவிடுகிறவர்களின் பேச்சு, இரண்டாவது டீ வருவதற்குள் எந்தச் சாதிக்கு உடம்பு வரும், எந்தச் சாதிக்கு வராது என்பதில் போய் நிற்கும். மனிதரிடையே உள்ள மரபு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒரே இனக் கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்று ரிச்சர்ட் லெவன்டின் 1972இல் காட்டினார். டீக்கடைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. எங்க வம்சத்துல எவனுக்கு ஏறிச்சு என்று அந்த அம்மா கேட்டாரே, அவர் வம்சத்தில் எவன் கையில் யார் பாரைக் கொடுத்தார்கள்?

வள்ளுவர் ஊழுக்கு 38ஆவது அதிகாரம் கொடுத்து அதைவிட வலியது எதுவும் இல்லை என்கிறார். 62ஆவது அதிகாரத்தில், தளராமல் உழைப்பவன் அந்த ஊழையும் புறமுதுகு காட்ட வைப்பான் என்கிறார். முரண்பாடு என்று பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்குவார்கள். எனக்கு அது முரணாகப் படவில்லை. ஊழ் அறத்துப்பாலின் கடைசி அதிகாரம், மற்றது பொருட்பாலில், ஆட்சி செய்கிறவனையும் அவனைச் சுற்றி இருப்பவர்களையும் பார்த்துச் சொன்னது. தன் வாழ்வைத் தானே திரும்பிப் பார்க்கிறவனுக்கு ஊழ் பற்றிய பேச்சு அடக்கத்தைத் தரும். பிறரை நடத்தும் இடத்தில் இருப்பவன் அதைப் பேசினால் அது கடமையிலிருந்து நழுவும் வழி. உரையாசிரியர்கள் யாரும் இப்படிச் சொல்லியிருக்கிறார்களா என்று நான் தேடவில்லை, இது கொட்டகை உரை.

வயதைக் காட்டி ஊழ் பேசுகிறவர்களுக்கு ஒரு செய்தி. 1990இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயது வரை உள்ளவர்களுக்குக் கால் தசைக்கு எட்டு வாரம் கனமான பயிற்சி கொடுத்தார்கள். முடித்த ஒன்பது பேரின் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது, தொடைத் தசையின் பரப்பு 9 சதவீதம்தான் கூடியது. அந்த இரண்டு எண்களின் இடைவெளியைப் பாருங்கள். தொண்ணூறு வயதிலும் கூப்பிட ஆளில்லாமல் உள்ளே காத்திருந்த பலம் அது.

பீடிக்கார அம்மாவின் மகன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். கடைக்காரர் தன் மகனோடு அவனுக்கும் சேர்த்துக் கடலை கொடுத்தனுப்பத் தொடங்கினார். முட்டைக்குப் பழைய மாணவர்கள் சிலர் பொறுப்பேற்றார்கள். அட்டவணையை அவன் தூக்கத்துக்கு ஏற்ப மாற்றினோம். மூன்றாம் ஆண்டில் கிளீன் அண்டு ஜெர்க்கில் 90 கிலோ வந்தது. அதற்கு மேல் வரவில்லை. எல்லாம் மாற்றிப் பார்த்தோம், வரவில்லை. கடைக்காரர் மகன் அதற்குள் 120ஐத் தாண்டியிருந்தான். ஒரு சாயங்காலம் தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "எனக்கு இவ்ளோதான் சார், தெரிஞ்சிடுச்சு" என்றான். வருத்தம் இருந்தது, புலம்பல் இல்லை. அவன் அம்மா வாசலில் சொன்ன அதே தீர்ப்புதான். அன்று அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. இன்று அவன் வாயால் வந்தபோது ஒத்துக்கொண்டேன். அதைச் சொல்லும் உரிமையை அவன் தொண்ணூறு கிலோ கொடுத்து வாங்கியிருந்தான். இப்போது அவன் உடற்கல்வி படித்துவிட்டு ஒரு பள்ளியில் சிறுவர்களுக்குப் பார் பிடிக்கச் சொல்லிக் கொடுக்கிறான்.

ஆகவே பெற்றோருக்கும், என்னைப் போன்ற உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இவனுக்கு உடம்பு வாகு இல்லை, இவளுக்கு வராது என்று யாராவது உங்கள் பிள்ளையைப் பார்த்துச் சொன்னால் கோபப்பட வேண்டாம், சாமியையும் இழுக்க வேண்டாம். எத்தனை மாதம் பயிற்சி கொடுத்தீர்கள், எடையை எப்படி ஏற்றினீர்கள், பிள்ளை என்ன சாப்பிட்டது, எத்தனை மணி தூங்கியது என்று நாலு கேள்வி கேளுங்கள். நாலுக்கும் பதில் வந்த பிறகு ஊழைப் பற்றிப் பேசலாம்.